தேய்ந்த இடத்தை விட்டுவையுங்கள்



அமெரிக்காவின் தென்பகுதியில் ஓடும் அலபாமா ஆறு ஓரிடத்தில் வளைந்து திரும்பி, ஒரு நிலத்துண்டை மூன்று பக்கமும் தண்ணீரால் சுற்றிக்கொள்கிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் சிற்றூருக்கு ஜீஸ் பெண்ட் என்று பெயர். 1940களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பருத்தி விவசாயி எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அவர் மனைவி மிசௌரி பெட்வே, மகள் அர்லோன்சியாவைத் துணைக்கு அழைத்தார். அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்ட உடுப்புகளை எல்லாம் எடுத்து ஒரு போர்வை தைக்கப்போவதாகச் சொன்னார். அவரை நினைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். அன்புக்காகப் போர்த்திக்கொள்ளவும் அது வேண்டும்.

மகளுக்கு அப்போது 17 அல்லது 18 வயது. கால்சட்டையின் கால் கீழே ஒடுக்கமாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். நேரான பட்டையாக வர வேண்டுமானால் மேல் அகலத்தை வெட்டிக் குறைக்க வேண்டும். அந்த வேலை மகளுக்கு. கால்சட்டைக் கால்கள், சட்டையின் கீழ்ப்பகுதிகள் என்று அப்பாவிடம் இருந்த துணி அத்தனையும் கிழித்துச் சேர்த்தபோது, சரியாக ஒரு போர்வைக்குத்தான் கண்டது. ஏழரை அடி நீளம், ஐந்தே முக்கால் அடி அகலம். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உழைத்து விட்டுப்போன துணியின் மொத்த அளவு அவ்வளவுதான்.

1942 என்று ஆண்டு குறிக்கப்படும் அந்தப் போர்வை இன்று கலைப்பொருளாகப் போற்றப்படுகிறது. படத்தில் பார்த்தாலே தெரியும், நிறங்கள் எதுவும் புதிய நிறங்கள் இல்லை. வெயிலும் துவைப்பும் மாறி மாறித் தின்று மீதி வைத்த நீலம், பழுப்பு, வெள்ளை. ஒரே காலின் துணியிலேயே ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். தைத்தவர் அதை மறைக்கவில்லை. வெளிறிய இடத்தை உள்ளே மடித்துவிட்டு நல்ல இடத்தை மட்டும் காட்டவும் இல்லை. இந்த உரை சுற்றிச் சுற்றி வரப்போவது அந்த ஒரு செய்கையைத்தான்.

ஜீஸ் பெண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1816இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். ஊர்ப்பெயர் அவருடையது. 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. அடிமைகளும் அவரோடு வந்து சேர்ந்தார்கள். அடிமைகளுக்கு எசமானரின் குடும்பப்பெயரே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஊரில் பலருக்கும் பெட்வே என்றே பெயர். அடிமை முறை ஒழிந்தபிறகும் அவர்கள் அதே மண்ணில் குத்தகைக்காரர்களாகவே உழைத்தார்கள். 1932இல், கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோக, அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக ஊரில் இருந்த கலப்பை, மாடு, கோழி, விதை, சேர்த்துவைத்த சோளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் தந்த உணவில்தான் ஊர் கடத்தியது.

அப்படிப்பட்ட ஊரில் போர்வை என்பது அலங்காரப் பொருளாக இருக்க முடியாது. பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்று புகும் வீடு. படுக்கையில் போர்வைமேல் போர்வை அடுக்கினால்தான் பிள்ளைகள் தூங்கும். உடுப்பு கிழிந்தால் ஒட்டுப்போட்டார்கள். ஒட்டும் கிழிந்தால் போர்வைக்கு எடுத்துவைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகள் சுவரில் தொங்கியபோது விமர்சகர்கள் நவீன ஓவியர்களின் பெயர்களைச் சொல்லி ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலையாக அச்சிட்டது. புகழ் நியாயமானதுதான். ஆனால் ஓவியத்தோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது.

கால்சட்டையின் பின்பையைப் பிரித்து எடுத்தால் அடியில் பையின் அளவுக்கு ஒரு கரும் நீலக் கட்டம் தெரியும். அங்கே வெயில் படவில்லை. முழங்காலில் போட்ட ஒட்டைப் பிரித்தாலும் அப்படியே. சுற்றிலும் துணி வெளுத்திருக்க, நடுவில் வாங்கிய நாளின் நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஜீஸ் பெண்டின் வேலையுடுப்புப் போர்வைகள் பலவற்றில் இந்தக் கட்டங்களைப் பார்க்கலாம். முழங்கால் எங்கே தரையில் ஊன்றியது, கை எங்கே பைக்குள் நுழைந்தது என்பதை அந்தக் கட்டங்கள் சொல்கின்றன. எந்தப் புகைப்படமும் ஓர் ஆளின் முழங்காலை இப்படிக் காட்டியதில்லை.

அன்புக்குரியவரின் துணியை நினைவுப்பொருளாக்க நினைக்கும் எவரும் முதலில் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான். காலரின் உள்மடிப்பில் கழுத்து உரசிய கோடு. சட்டைப்பையின் மூலையில் பேனா கசிந்த மைக்கறை. சேலையில் இடுப்பில் செருகிச் செருகி இழை நலிந்த பகுதி. அடுப்படியில் கைதுடைத்த முந்தானை ஓரம். பெரும்பாலானவர்கள் கத்திரியை எடுத்ததும் செய்வது இதற்கு நேர்மாறு. கறையில்லாத, கிழியாத, பளிச்சென்று இருக்கும் பகுதியாகப் பார்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பகுதி கடையில் இருக்கும் எந்தச் சேலைக்கும் பொருந்தும். அதில் அம்மா இல்லை.

ஒரு சிறு துண்டுத் துணி எவ்வளவு தாங்கும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது.

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் வீசப்படும் குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காமல், பதினேழு ஆண்டு அலைந்து 1739இல் அரச சாசனம் பெற்று ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். 1741 மார்ச்சில் முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்டார்கள். குழந்தையை விடும் தாய் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்றாவது ஒருநாள் திரும்பி வந்து கேட்டால், இது அவள் பிள்ளைதான் என்று எப்படித் தெரியும்? அதற்காக ஓர் அடையாளம் வாங்கி வைத்தார்கள். தாய் கொண்டுவந்த துணித்துண்டையோ, குழந்தை போட்டிருந்த உடுப்பிலிருந்து எழுத்தர் வெட்டிய துண்டையோ சேர்க்கைப் படிவத்தோடு ஊசியால் குத்தி வைத்தார்கள். நாடாத் துண்டு, சட்டைக் கை, பூப்போட்ட பருத்தி. இப்படிச் சேர்ந்தவை சுமார் 5,000 துண்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏழை எளியவர்கள் உடுத்திய துணியைப் பார்க்க வேண்டுமானால் இதைவிடப் பெரிய தொகுப்பு வேறில்லை. அரசிகளின் பட்டு எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. வேலைக்காரியின் சீட்டித்துணி இங்கேதான் இருக்கிறது. அந்தப் பூ அச்சுகளின் மூதாதை நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சீட்டிதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்தியத் துணிக்குத் தடை போட்டுவிட்டு, அதன் பூக்களை ஆங்கில அச்சுக்காரர்கள் பார்த்து வரைந்துகொண்டார்கள்.

வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் இந்தப் படிவங்களைப் புரட்டி, 2010இல் ஒரு கண்காட்சியாக வைத்தார். அதில் ஒரு துண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சின்னச் சின்ன அச்சுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இதயம். தாயின் பெயருக்கும் மகன் பெயருக்கும் முதலெழுத்துகள். பிறகு அதை நடுவில் வெட்டி இரண்டாக்கி, ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டுவிட்டு மறுபாதியை எடுத்துப் போயிருக்கிறாள் அந்தத் தாய். சாரா பெண்டர் என்று பெயர். மகன் சார்லஸ். காப்பகத்தின் கணக்கில் அவன் 16516ஆம் குழந்தை. அது 1767. காப்பகம் அவனுக்கு வேறு பெயர் வைத்து வளர்த்தது. எட்டு ஆண்டு கழித்து, 1775இல், சாரா வந்து மகனைக் கூட்டிப்போனாள்.

அது எவ்வளவு அரிய நிகழ்ச்சி என்பதற்கு ஒரு கணக்கு. 1741இலிருந்து 1760வரை அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. பெற்றவர்கள் திரும்பி வந்து அழைத்துக்கொண்டவர்கள் 152 பேர். மீதித் துண்டுகள் எல்லாம் இன்னும் அந்தப் பதிவேடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. பலவற்றின் நிறம்கூட மங்கவில்லை. நெடுங்காலம் யாரும் பிரித்துப் பார்க்காததால் வெளிச்சமே படவில்லை.

சாராவின் துண்டில் கவனிக்க வேண்டியது, அது வெட்டப்பட்டதால்தான் பயன்பட்டது என்பது. முழு இதயமாக இருந்திருந்தால் அது ஓர் அழகான தையல். இரண்டு பாதியாக இருந்ததால் சாட்சி. துணியை வெட்டவே கை நடுங்குகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நடுக்கம் மதிக்க வேண்டியதுதான். ஆனால் பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டையோடு இருபது வருடம் கிடக்கும் முழுச்சேலையைவிட, நாலு பிள்ளைகள் வீட்டில் நாலு துண்டாக வெளிச்சத்தில் இருக்கும் சேலை எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

சில இடங்களில் துணியின் வேலை வீட்டு நினைவைத் தாண்டி ஊர் முன்னால் நின்றது. 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மெழுகுவத்தி ஊர்வலம். எய்ட்ஸால் இறந்த நண்பர்களின் பெயரை அட்டையில் எழுதிவரும்படி கிளீவ் ஜோன்ஸ் என்ற இளைஞர் கேட்டிருந்தார். அட்டைகளை ஓர் அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது அந்தச் சுவர் பாட்டி வீட்டு ஒட்டுப்போர்வைபோல இருந்தது. அங்கேதான் யோசனை பிறந்தது. 1987இல் தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காக ஜோன்ஸ் முதல் துண்டைச் செய்தார். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு புதைகுழியின் அளவு. அந்த ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டனின் பெரிய புல்வெளியில் விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000. பெயர்கள் 1,10,000க்கு மேல். மொத்த எடை 54 டன்.

மூன்றடிக்கு ஆறடி என்ற அந்த அளவு தற்செயல் இல்லை. அந்த ஆண்டுகளில் எய்ட்ஸால் இறந்தவர்களின் உடலை வாங்க மறுத்த அடக்க நிலையங்கள் இருந்தன. மகன் எதனால் இறந்தான் என்பதையே வெளியே சொல்லாத குடும்பங்கள் இருந்தன. கல்லறை கிடைக்காதவர்களுக்கு ஆறடித் துணி. அதில் அவர்கள் போட்ட ஜீன்ஸ், டி-ஷர்ட், கழுத்துப்பட்டை, கரடிபொம்மை, விளையாட்டுச் சீருடை எல்லாவற்றையும் வைத்துத் தைத்தார்கள். தையலே தெரியாதவர்கள் முதல்முறையாக ஊசி பிடித்தார்கள். பல துண்டுகளில் தையல் கோணல். எழுத்து பசையால் ஒட்டியது. அவற்றைப் பராமரிப்பவர்கள் பிய்ந்ததைச் சரிசெய்வார்கள்; கோணலை நிமிர்த்துவதில்லை.

அர்ஜென்டினாவில் 1977இல், ராணுவ ஆட்சி கடத்திப்போன பிள்ளைகளைத் தேடி பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மார்கள், கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத்துணி கட்டினார்கள். முதலில் கட்டியது பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் இடுப்பில் கட்டிய துணியை. அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சிலியில் பெண்கள் கோணிமேல் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த படங்களில், காணாமல்போன கணவரின், மகனின் சட்டைத்துண்டுகளும் சேர்ந்தன.

இனி நம் பக்கம் வரலாம்.

வங்கத்தின் காந்தா வேலைப்பாட்டைத் தெரியாதவர்கள் இன்று குறைவு. கடையில் புதுப்பட்டில் போட்டு விற்கும் காந்தாவை விட்டுவிடுங்கள். பழைய காந்தா, நைந்த சேலையையும் வேட்டியையும் அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத்தையலால் இணைத்தது. வண்ண நூலுக்கும் கடைக்குப் போகவில்லை; பழைய சேலையின் கரையிலிருந்தே இழை உருவிக்கொண்டார்கள். காந்தா என்ற சொல்லும் நாம் சொல்லும் கந்தையும் ஒரே மூலத்தில் பிறந்தவை. இந்த வேலைப்பாட்டை வைத்து 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்ற கதைக்காவியம் எழுதினார். கணவனைப் பிரிந்த சாஜு தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, தன் சமாதிமேல் அதை விரிக்கச் சொல்லி இறப்பது அதன் முடிவு. வங்கதேசத்தில் அந்தக் கதை தெரியாத வீடு அரிது. இன்னும் நமக்கு அருகே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவந்தி இருக்கிறது. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய், கடைசியாக நாலு மூலையிலும் மடித்த துணியால் ஒரு ‘பூ’ வைப்பார்கள். பூ இல்லாமல் போர்வை முடிந்ததாக ஆகாது.

தமிழ்நாட்டில் இப்படிப் பெயர் சொல்லும் வேலைப்பாடு இல்லை என்று சிலர் குறைப்படுவது உண்டு. வேலைப்பாடு இல்லாமல் இருக்கலாம், வழக்கம் இருக்கிறது. பிறந்த குழந்தையை முதலில் புதுத்துணியில் கிடத்துவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கிடத்துவார்கள். துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல ஆன பருத்திக்கு ஈடான மென்மை எந்தப் புதுத்துணிக்கும் கிடையாது. பச்சைப்பிள்ளையின் தோலுக்கு அதுதான் சரி. தூளி கட்ட அம்மாயி சேலையோ அப்பத்தா சேலையோ வரும். அவர் உயிரோடு இல்லாவிட்டாலும் சேலை வரும். குழந்தை அதற்குள் சுருண்டு கிடக்கும்போது, பார்த்தே இராத பாட்டியின் வாசத்தில்தான் தூங்குகிறது. நினைவுப்பொருள் என்ற சொல்லே இல்லாமல் நம் வீடுகள் செய்துவந்த வேலை இது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காரியம் முடிந்ததும் இறந்தவரின் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடுவது பல குடும்பங்களில் வழக்கம். உடுத்த ஆள் இருக்கும்போது கொடுப்பது நல்லதே. பட்டுச்சேலை விஷயம் வேறு. பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன்முலாம். வாங்கிப்போன சேலையைக் கொளுத்துவார்கள். பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். கல்யாணக் கூறைப்புடவை ஒன்று நெருப்பில் போய்ச் கொஞ்சம் வெள்ளியாகத் திரும்புவதை அந்தக் குடும்பத்தார் பார்ப்பதில்லை. பார்த்தால் விற்றிருக்க மாட்டார்கள். பணத் தட்டுப்பாட்டில் விற்பவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இடத்தை அடைக்கிறது என்று விற்பவர், அதற்குமுன் முந்தானையில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

இனித் தையல் மேசைக்கு.

முதல் விதி, அவசரம் கூடாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊர் திரும்பும் முன்னே துணிகளைப் பிரித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி எல்லா வீட்டிலும் வரும். கொடுப்பதைக் கொடுங்கள். ஆனால் நாலைந்து உருப்படியைத் துவைக்காமல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும். துவைக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் ஓர் இடைநிலையம் வழியாகத்தான் போகின்றன. வாசனை மட்டும் அந்தச் சுற்றுவழி இல்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போகிறது. அதனால்தான் அப்பாவின் சட்டையில் முகம் புதைத்ததும், யோசிக்கும் முன்னே அழுகை வந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை சோப்புத் தண்ணீர் பட்டால் அந்த வாசனை போய்விடும், திரும்ப வராது.

தைக்கப்போகும் துணியை மட்டும் துவைத்தாக வேண்டும். துவைக்காமல் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கி, முதல் அலசலிலேயே போர்வை கோணிக்கொள்ளும். பழைய சாயம் ஓடுமா என்று பார்க்க, வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் தேய்த்தால் போதும். வெட்டுவதற்கு முன் சேலையை முழுசாக விரித்து, சட்டையை மாட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. உடன்பிறந்தவர்களைக் கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். அம்மாவின் ஒரு சேலைக்காக அக்காதங்கைகள் பேச்சு நின்றுபோன வீடுகள் எத்தனையோ. ஐந்தரை மீட்டர் சேலை எத்தனை மகள்களுக்கும் போதும். முந்தானை ஒருத்திக்கு, உடல் ஒருத்திக்கு என்று பிரிக்காமல், எல்லாத் துண்டிலும் கொஞ்சம் கரை வரும்படி வெட்டினால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

சட்டையிலிருந்து தொடங்குவது சுலபம். ஒரு சட்டை, ஒரு தலையணை உறை. முன்பக்கத்தை அப்படியே சதுரமாக வெட்டி, பின்பக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி வைத்து நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்துவிட்டு, பட்டன்களைக் கழற்றி வெளியே புரட்டினால் உறை தயார். ஜிப் வேண்டாம், நாடா வேண்டாம். அவர் தினமும் போட்ட பட்டன்களே வாய். சட்டைப்பை தானாகவே முன்னால் வந்து உட்காரும். அந்தப் பையை எடுத்துவிட வேண்டாம். பேரப்பிள்ளைகள் அதற்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். தாத்தா மிட்டாய் வைத்திருந்த இடம் அதுதான்.

பட்டுச்சேலைக்கு வேறு கவனம் வேண்டும். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே வெடித்திருக்கும். விரிக்கும்போதே சத்தம் கேட்கும். அதை அப்படியே தைத்தால் ஊசி பட்ட இடமெல்லாம் கிழியும். அடியில் மெல்லிய மல் துணி வைத்து, இரண்டையும் பெரிய பெரிய தையலாகக் கையால் பிடித்துக்கொண்ட பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். ஊசி 9 அல்லது 11 போதும். ஜீன்ஸுக்குப் போடும் 16ஆம் நம்பர் ஊசியைப் பட்டில் இறக்கினால் ஓட்டைகள் தெரியும். நைந்த சேலை என்றால் மெஷினே வேண்டாம், கையால் ஓட்டுத்தையல் போடுவது பாதுகாப்பு. டி-ஷர்ட் துணி இழுத்த இழுப்புக்கு வரும். பின்னால் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பேஸ்டிங் துணி வைத்து ஒட்டிய பிறகு வெட்டினால்தான் சதுரம் சதுரமாகவே நிற்கும்.

கறை, ஒட்டு, தேய்ந்த இடம் இருக்கும் துண்டை ஓரத்தில் ஒளித்து வைக்காமல் நடுவில் வையுங்கள். நலிந்த இழை தாங்காது என்று தோன்றினால் அதே நிற மல் துணியைப் பின்னால் கொடுத்து, நலிந்த இடத்தின்மேலேயே நெருக்கமாக ஓட்டுத்தையல் ஓட்டிவிடலாம். தையல் அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும், மறைக்காது. தையல்காரரிடம் கொடுப்பதானால் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால், நல்ல மனதோடுதான், கறையை வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமாகத் தைத்துக் கொடுப்பார்.

செய்து முடித்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா, பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாரா பெண்டரின் துண்டைப்போலச் சின்னதாக இருந்தால், வெயில் படாத சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம். போர்வையாகவோ தலையணை உறையாகவோ செய்தால் பயன்படுத்துவதே முறை. மிசௌரி பெட்வே செய்தது போர்த்திக்கொள்ளத்தான். துவைத்தால் தேயும், தேய்ந்தால் ஒட்டுப்போடலாம். அப்போது மகளின் துணியிலிருந்து ஒரு துண்டு அப்பாவின் துணிக்குள் வந்து சேரும்.

கடைசியாக ஒன்று, எல்லோரும் மறப்பது. மிசௌரியின் போர்வை யாருடைய உடுப்பு, எதற்காகத் தைத்தது என்பது இன்று உலகத்துக்குத் தெரிவதற்குக் காரணம், உடன் வெட்டிய மகள் அர்லோன்சியா உயிரோடு இருந்து அதைச் சொன்னதுதான். சொல்ல ஆள் இல்லாத ஆயிரக்கணக்கான போர்வைகள் வெறும் பழைய போர்வையாகப் போய்விட்டன. உங்கள் வேலை முடிந்ததும் பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு வைத்துத் தையுங்கள். அதில் பென்சிலால் எழுதி, அந்தக் கோட்டின்மேலேயே நூலால் பின்தையல் போடுங்கள். மை நாளடைவில் பரவும், மங்கும், நூல் நிற்கும். யாருடைய சேலை, எந்த ஊர், எந்த வருடம் எதற்காக எடுத்தது, எந்த வருடம் வெட்டித் தைத்தது. தைத்தவர் பெயரையும் போடுங்கள். தைக்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரை விட்டுவிடுகிறார்கள்.